காற்கூறு கற்றல்: நன்னூல், புதுக்கோட்டை அறிவொளி, இன்றைய தமிழ் வகுப்பறை

ஆய்வுச்சுருக்கம்

ஆசிரியர் உரைத்ததை முழுமையாக ஏற்றுக்கொண்ட மாணாக்கனும் நூற்பொருளில் காற்பங்கையே பெறுகிறான் என்பது நன்னூலார் கணிப்பு. எஞ்சிய முக்காற்பங்கு உடன்பயில்வோரிடமிருந்தும், பிறர்க்கு எடுத்துரைப்பதிலிருந்தும் வர வேண்டும். இக்கணிப்பை அளவுகோலாகக் கொண்டு, 1991-92ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்த அறிவொளி இயக்கத்தின் கற்பித்தல் முறையையும் அதன் எல்லையையும், இன்றைய கல்லூரித் தமிழ் வகுப்பறையின் நிலையையும் இக்கட்டுரை திறனாய்கிறது. புறநானூற்றின் 242ஆம் பாடல் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கற்பித்தல், புரிதல், நன்னூல், அறிவொளி இயக்கம், புதுக்கோட்டை, புறநானூறு, மதிப்பீடு

முன்னுரை

தமிழ் இலக்கிய வகுப்பில் புரிதல் என்று நாம் வழங்கும் சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் நடைமுறையில் உள்ளது. ஆசிரியர் பாடலை விளக்குகிறார். திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் ஆகியவற்றைக் குறிப்பாகத் தருகிறார். மாணவர் அவற்றைத் தேர்வுத்தாளில் திருப்பித் தருகிறார். திரும்பி வந்தது வழுவின்றி இருந்தால் மாணவர் புரிந்துகொண்டார் எனக் கொள்கிறோம். கொடுத்த பொருள் திரும்பி வருவதற்கும் கொண்டவர் அதனைத் தமதாக்கிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இம்முறையில் புலப்படுவதில்லை.

இவ்வேறுபாட்டை மேலைநாட்டுக் கல்வி ஆய்வு 1976இல் பெயரிட்டு வகுத்தது. சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டனும் சால்யோவும் மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைப் படிக்கத் தந்து, அவர்கள் அதனை எவ்வாறு அணுகினர் என்று வினவினர். சிலர் பின்னர்க் கேட்கப்படவிருக்கும் வினாக்களை எண்ணிச் சொற்களை நினைவில் இருத்த முயன்றனர். சிலர் ஆசிரியர் எதை நிறுவ முயல்கிறார் என்று தேடினர். முன்னதை மேலோட்ட அணுகுமுறை என்றும் பின்னதை ஆழ்ந்த அணுகுமுறை என்றும் அவர்கள் குறித்தனர். எவ்வகை வினாவை எதிர்பார்க்கிறாரோ அதற்கேற்பவே மாணவர் தம் அணுகுமுறையை அமைத்துக்கொள்கிறார் என்பதும் அவர்தம் ஆய்வில் வெளிப்பட்டது. எனவே மேலோட்டமாகக் கற்பதை மாணவரின் இயல்பான குறை என்று கூறிவிட இயலாது. நாம் கேட்கும் வினா அதனை அவருக்குக் கற்பிக்கிறது.

இக்கருத்தை வெளியிலிருந்து கடன்பெற வேண்டிய தேவை தமிழ்த்துறைக்கு இல்லை. நாமே ஆண்டுதோறும் நடத்தும் ஓர் இலக்கண நூலின் பாயிரத்தில் அதற்கான அளவுகோல் உள்ளது. அதனைப் பெரிய அளவில் செய்துபார்த்த ஒரு மாவட்டமும் தமிழ்நாட்டில் உள்ளது.

நன்னூலார் கணக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகிய நன்னூலின் பொதுப்பாயிரம் கற்பிக்கும் முறையையும் கேட்கும் முறையையும் தனித்தனியே வகுத்துரைக்கிறது. இப்பகுதி இருவகையாக மேற்கோள் காட்டப்படுவதைக் காணலாம். மாணாக்கன் ஓவியத்தில் எழுதிய பாவை போல அடங்கியிருக்க வேண்டும், செவியையே வாயாகவும் நெஞ்சையே கொள்கலனாகவும் கொள்ள வேண்டும் என்னும் கூறுகளை எடுத்துக்காட்டி, இது வாய்மூடிய வகுப்பறையின் இலக்கணம் என்று கண்டிப்பவர் ஒரு சாரார். அதே கூறுகளை எடுத்துக்காட்டிப் பண்டைய ஒழுக்கத்தைப் போற்றுபவர் மற்றொரு சாரார். இரு சாராரும் பாதியைப் படித்து முழுமைக்குத் தீர்ப்பு வழங்குகின்றனர் என்றே கூற வேண்டும்.

அடங்கியிருந்து கேட்டல் என்பது நன்னூலில் தொடக்கமேயாகும். ஒரு பாடத்தை இருமுறை கேட்பவன் நூலில் பிழைபடான் என்றும், மும்முறை கேட்பவன் அதனை உரைக்கும் முறையையும் அறிவான் என்றும் நன்னூலார் படிமுறை காட்டுகிறார். கேட்டலின் இலக்கு மீண்டும் உரைத்தலே என்பது இதனால் விளங்கும். இதனை அடுத்து வரும் கணக்கு இன்னும் துணிவுடையது. ஆசான் உரைத்ததை ஒன்றுவிடாமல் பெற்றுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது காற்கூறு மட்டுமே. உடன்பயில்வோரொடு பழகி ஆராய்வதால் மற்றொரு காற்கூறு கிடைக்கும். எஞ்சிய இரு காலும், அதாவது புலமையின் சரிபாதி, பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் மட்டுமே நிரம்பும்.

ஆசிரியர் ஒருவரே ஆசிரியரின் பங்கைக் காற்பங்கு என்று வரையறுத்திருப்பது நோக்கத்தக்கது. நம் வகுப்பறையோ அக்காற்பங்கை நூறு மதிப்பெண்ணாக விரித்து வைத்துள்ளது. நன்னூலில் குறை இல்லை என்பது கருத்தன்று. யார் மாணாக்கனாகத் தக்கவர், யார் தகாதவர் என்று பிரிக்கும் பகுதியில் அந்நூல் தன் காலத்துக்குரிய வாயிற்கதவை வலிமையாகவே அடைக்கிறது. கற்க வந்தவரை ஓட்டைக் குடம் என்றும் பன்னாடை என்றும் வகைப்படுத்தும் உரிமை இன்றைய ஆசிரியருக்கு இல்லை. ஆயினும் வாயிலைக் கடந்து உள்ளே வந்தவர் எவ்வாறு அறிகிறார் என்பதைப் பற்றி அந்நூல் கூறுவது இன்றும் செய்துபார்க்கத்தக்கது.

கதவு திறந்த மாவட்டம்

அக்கதவை அகலத் திறந்த நிகழ்வே அறிவொளி இயக்கம். 1988இல் தொடங்கப்பெற்ற தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் பின்னணியில், கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதனை அடுத்துத் தமிழ்நாட்டு மாவட்டங்களில் இவ்வியக்கம் பரவியது. புதுக்கோட்டையில் 1991-92ஆம் ஆண்டுகளில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், மாவட்ட நிருவாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் இணைந்து இதனை நடத்தினர். ஊதியமின்றிக் கற்பித்த தொண்டர்கள், மாலை வேளையில் கூடிய வகுப்புகள், வீதி நாடகங்கள், பாடல்கள் ஆகியவற்றால் இயங்கிய இதில் கற்க வந்தோருள் உழைக்கும் பெண்களே பெரும்பாலோர்.

கற்பித்தல் முறை பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரேயின் சிந்தனையைத் தழுவியது. எழுத்திலிருந்து தொடங்கிச் சொல்லுக்குச் செல்லும் அரிச்சுவடி முறையை இது தலைகீழாக்கியது. முதலில் ஒரு படம். அதனைப் பற்றிய பேச்சு. பேச்சிலிருந்து கற்போரின் வாழ்வோடு தொடர்புடைய ஒரு சொல். சொல்லைப் பிரித்து எழுத்து. பேச்சு முன்னே நிற்பதால், வகுப்பின் முதல் நொடியிலேயே கற்போர் எடுத்துரைப்பவராக ஆகிவிடுகிறார். நன்னூலார் இறுதியில் வைத்த பாதியைப் பிரெய்ரேயின் முறை முதலில் வைக்கிறது எனலாம்.

புதுக்கோட்டையின் தனித்தன்மை பாடப்புத்தகத்துக்கு வெளியே வெளிப்பட்டது. பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றது இவ்வியக்கத்தோடு ஒட்டி வளர்ந்தது. இதனை நேரில் கண்டு எழுதிய பி. சாய்நாத், 1996இல் வெளிவந்த தம் நூலில், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவெளியில் தம் மிதிவண்டித் திறனைக் காட்டும் நிகழ்வுகளில் பங்கேற்றதாகக் குறிப்பிடுகிறார். பெண்கள் பலர் ஆண்களுக்கான மிதிவண்டியையே விரும்பினர் என்றும், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையில் உள்ள தண்டில் குழந்தையை அமர்த்தலாம் என்பது அதற்கொரு காரணம் என்றும் அவர் பதிவுசெய்துள்ளார். கற்பித்தல் பற்றிய ஆய்வில் இச்சிறு செய்திக்கு இடமுண்டு. கொடுக்கப்பட்ட கருவியைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்பவரே அதனைப் புரிந்துகொண்டவர். மிதிவண்டியைப் பற்றிய விரிவுரையால் எவரும் மிதிவண்டி கற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டத் தெரிந்த பெண் அடுத்த பெண்ணின் பின்னால் ஓடிப் பிடித்துக்கொண்டாள். கற்றவர் உடனே கற்பிப்பவரானது இங்கு விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாகவே ஆயிற்று.

கையெழுத்தின் எல்லை

அறிவொளியைப் போற்றி எழுதப்பட்டவை மிகுதி. அதன் கற்பித்தலைக் கூர்ந்து நோக்கியவை குறைவு. அவற்றுள் பிரான்சிஸ் கோடி என்னும் மானிடவியலாளர் புதுக்கோட்டை மாவட்டத்தில் களப்பணி செய்து 2013இல் வெளியிட்ட நூல் இன்றியமையாதது. உலகைச் சொல்லாக்கி, சொல்லை எழுத்தாக்கி, அதனை எட்ட நின்று நோக்குவதே அறிவொளி என்னும் கருத்து கற்போரின் மொழிவழக்கோடு எப்போதும் இயைந்து செல்லவில்லை என்பதை அவர் காட்டுகிறார். பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் இடையில் உள்ள இடைவெளி இதில் பெரும்பங்கு வகிக்கிறது. தம் வாயில் வழங்கும் சொல்லைக் கற்பவர் தாளில் வேறு வடிவில் காண்கிறார். அவ்வேறுபாட்டைத் தம் பிழையாகவே அவர் எண்ணிக்கொள்ள நேர்கிறது. ஒளி என்னும் உருவகமே, அது வருவதற்கு முன் இருந்ததை இருள் என்று பெயரிட்டுவிடுகிறது என்பதையும் இங்குக் கருத வேண்டும். நடவும் களையும் விதைநெல்லும் அறிந்த ஒருத்தியின் அறிவு அந்த இருளுக்குள் கணக்கு வைக்கப்பட்டது.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அளிக்கப்படும் மனுக்களைப் பற்றிக் கோடி விரிவாக ஆராய்கிறார். கைநாட்டு வைத்து வந்த பெண்கள் தம் பெயரைத் தாமே எழுதி மனு அளித்தது அவர்களுக்குப் பெருமிதம் தந்த செயல். அப்பெருமிதத்தைக் குறைத்து மதிப்பிடுவது முறையன்று. ஆயினும் மனுவின் வாசகம் அலுவலகத் தமிழில் அமைந்தது. கீழே உள்ள பெயர் அவருடையது. மேலே உள்ள நடை அலுவலகத்துடையது. கற்றலின் இலக்கு கையெழுத்தோடு நிற்குமானால், மேலே எழுதும் ஆற்றல் வேறொருவரிடமே தங்கிவிடுகிறது.

எண்ணிக்கையின் அழுத்தம் இதற்கு ஒரு காரணமாகும். புதுக்கோட்டை 1992இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அம்மாவட்டத்தின் எழுத்தறிவை ஏறத்தாழ 77 விழுக்காடு என்கிறது. முன்னது குறிப்பிட்ட அகவைப் பிரிவினரை மட்டும் நோக்கியது. பின்னது ஏழு அகவையும் அதற்கு மேலும் உள்ள அனைவரையும் கணக்கிட்டது. ஆகவே இரண்டையும் நேர்நிறுத்தி ஒன்றைப் பொய் என்பது பிழை. ஆனால் அறிவிப்பு ஒன்றை நோக்கி ஓடும் கற்பித்தல் எளிதில் எண்ணத்தக்கதையே எண்ணும். கையெழுத்து எண்ணத்தக்கது. தம் ஊரின் வழக்கைத் தம் சொல்லால் எழுதும் ஆற்றலை எண்ணுவது எளிதன்று.

வகுப்பறைச் சீர்திருத்தங்கள்

இதே சிக்கல் பள்ளிச் சீர்திருத்தங்களிலும் தொடர்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றல், குழந்தையைப் பாயில் அமர்த்தி, அட்டைகளின் வழியே தன் வேகத்தில் செல்லவிட்டது. சகமாணவர் துணையோடு கற்கும் குழுவும் அதன் அமைப்பிலேயே இருந்தது. நல்ல வரைவு அது. எனினும் ஏணிப்படியில் எந்தப் படியில் நிற்கிறாய் என்பதே வினாவாக நிலைபெற்றபோது அட்டையைக் கடத்தல் கற்றலாகிவிட்டது.

கல்லூரியில் நிகழ்ந்திருப்பது இதனினும் மெலிந்தது. விளைவுசார் கல்வி என்னும் பெயரால் வினாத்தாளில் ஒவ்வொரு வினாவின் அருகிலும் அறிவுநிலைக் குறியீடு அச்சிடப்படுகிறது. 'விளக்குக' என்று முன்னர் இருந்த வினா 'பகுப்பாய்க' என்று பெயர்மாறி உயர்நிலைக் குறியீட்டைப் பெறுகிறது. விடையோ அதே குறிப்பேட்டின் அதே பக்கத்தில் உள்ளது. பகுப்பாய்வைக் குறிப்பாகத் தந்து மனப்பாடம் செய்யச் சொல்லும்போது, நிகழ்வது நினைவாற்றல் தேர்வேயன்றிப் பிறிதில்லை. இதனை நம் துறைகள் அறியாமல் இல்லை. அறிந்தே படிவங்களை நிரப்புகின்றன.

ஒல்லையூர் முல்லை

எடுத்துக்காட்டு ஒன்றின் வழி இதனை நோக்கலாம். புறநானூற்றின் 242ஆம் பாடல் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடியது. பொதுவியல் திணை, கையறுநிலைத் துறை. ஒல்லையூர் என்பது இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஒலியமங்கலம் என ஆய்வாளர் கருதுவர். எனவே இம்மாவட்டத்து வகுப்பறைக்கு இது உள்ளூர்ப் பாடல். இளையோர் சூடார், வளையணிந்த மகளிர் கொய்யார், பாணன் தன் யாழின் கோட்டால் கொம்பை வளைத்துப் பறித்துச் சூடான், பாடினியும் அணியாள் என்று அடுக்கி, சாத்தன் மாய்ந்த பின்னரும் அந்நாட்டில் பூத்தாயோ என முல்லையை நோக்கிக் கேட்பது பாடலின் பொருள்.

மேற்கண்ட பத்தியே வழக்கமான குறிப்பு. இதனை எழுதும் மாணவர் முழு மதிப்பெண் பெறுவார். ஆனால் பாடலில் அவர் எதையும் சந்திக்கவில்லை. வேறொருவர் சந்தித்ததன் முடிவை எடுத்துக்கொண்டார்.

பாடலின் உயிர் ஈற்றில் உள்ள இரண்டு இடைச்சொற்களில் நிற்கிறது: முல்லை என்னும் பெயரோடு சேர்ந்த 'உம்', வினையோடு சேர்ந்த 'ஓ'. இவ்விரண்டையும் மாணவர் வேறொரு தாளில் படித்திருக்கிறார். எதிர்மறை, சிறப்பு, ஐயம், எச்சம், முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என உம்மைக்கு எட்டுப் பொருள். ஓகாரத்துக்கும் ஒழியிசை, வினா, கழிவு முதலாக எட்டு. பட்டியலைப் பிழையின்றி ஒப்பிப்பார். அப்பட்டியலும் இப்பாடலும் ஒரே தலைக்குள் இரு வேறு அறைகளில் உள்ளன. இடையில் கதவு வைப்பதே ஆசிரியரின் காற்பங்கு என்பேன்.

இங்குள்ள உம்மை யாது? எச்சவும்மை எனக் கொண்டால், அவன் இறந்த பின்னும் உயிர்வாழும் நாங்கள் இருக்கிறோம். எங்களைப் போல நீயும் பூத்தாயோ என்று விரியும். அப்பொழுது புலவரின் சினம் தம்மையும் சேர்த்துச் சுடுகிறது. சிறப்பும்மை எனக் கொண்டால், காத்திருத்தலுக்கு அடையாளமான முல்லையே, நீயுங்கூடவா என்று விரியும். அகத்திணை மரபில் தலைவன் திரும்புவான் என்னும் நம்பிக்கைக்குரிய பூ, இங்குத் திரும்பாதவனுக்காகப் பூத்து நிற்கிறது. ஓகாரம் வினாவா, கழிவிரக்கமா என்பதும் இதனோடு சேர்ந்து மாறும். வினா எனில் முல்லை விடைதர வேண்டிய நிலையில் உள்ளது. கழிவு எனில் விடை எவரிடமும் இல்லை. சூடாமை, கொய்யாமை எனச் செயலற்ற மனிதர்களை வரிசையாக நிறுத்தி, இறப்பைப் பின்னர்ச் சொல்லும் அடுக்கு எந்த உம்மைக்குத் துணைநிற்கிறது என்னும் வினாவும் எழும். என் கருத்து எச்சத்தின்பாற்பட்டது. ஆயினும் மாற்றுக் கருத்தை அதே பாடலைக் கொண்டு வலிமையாக நிறுவ இயலும். இப்பாடலை வகுப்புக்கு உகந்ததாக்குவது அவ்வியல்பே.

இவ்விடத்தில் அறிவொளி கற்றுத் தந்த படிமுறை பயன்படும். உம்மையின் இலக்கணத்திலிருந்து தொடங்காமல் மாணவரின் பேச்சிலிருந்து தொடங்கலாம். 'நீயுமா?' என்று நம் வீட்டில் எப்பொழுது கேட்கிறோம்? கடைக்குப் புறப்படும் தம்பியிடம் கேட்பது ஒன்று. நம்பியிருந்தவர் கைவிட்டபோது கேட்பது மற்றொன்று. சொல் ஒன்றே, பொருள் வேறு. மாணவரே இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வர். அவர்களுள் சிலர் தம் ஊர் ஒப்பாரியில் இறந்தவரின் வீட்டுப் பொருள்களையும் மாட்டையும் மரத்தையும் விளித்து அழும் வழக்கைச் சொல்லக்கூடும். கையறுநிலை என்னும் துறைப்பெயர் அதன் பின்னர் வந்தால் போதும். பேச்சுவழக்கைத் திருத்தப்பட வேண்டிய பிழையாகக் கருதாமல் இலக்கண அறிவின் இருப்பிடமாகக் கொள்வதால், அறிவொளியில் கோடி கண்ட இடைவெளியின் ஒரு பகுதியேனும் குறையும்.

அடுத்து வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினர் எச்சத்துக்கும் மறுபகுதியினர் சிறப்புக்கும் சான்று தேடுவது உடன்பயில்வோரின் காற்பங்கு. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருவர் எழுந்து மறுபகுதியின் கருத்தை முதலில் அவர்கள் ஏற்கும் வண்ணம் சொல்லி, பின்னர் மறுப்பது எடுத்துரைக்கும் பாதியின் தொடக்கம். ஆசிரியர் இறுதியில் தீர்ப்பு வழங்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். தீர்ப்பு வந்த நொடியிலேயே மாணவர் எழுதுகோலை எடுத்து அதனை மட்டும் குறித்துக்கொள்வர். முன்னர் நிகழ்ந்த வாதம் முழுவதும் வீணாகும்.

தடைகளும் விடையும்

இதற்கு இரண்டு தடைகள் கூறப்படும். அறிவொளி வகுப்பில் பாடத்திட்டமும் தேர்வும் இல்லை. கல்லூரியில் ஐந்து அலகுகளை ஒரு பருவத்தில் முடிக்க வேண்டும் என்பது ஒன்று. இது உண்மையான தடை. ஐந்து அலகுகளிலும் எல்லாப் பாடல்களையும் இவ்வாறு நடத்த இயலாது. ஓர் அலகுக்கு ஒரு பாடல் போதும். ஏனையவற்றை இப்பொழுது நடத்துவது போலவே நடத்தலாம். ஒரு பாடலில் வினாவெழுப்பிப் பழகியவர் ஏனைய பாடல்களின் குறிப்பையும் ஐயத்தோடு படிப்பார். ஐயம் தோன்றியதைக் கேட்டலும் வினவப்பட்டதற்கு விடைதருதலும் நன்னூலார் வகுத்த பயிலும் முறையுள் அடங்கியவையே.

வகுப்பில் அறுபது பேர் உள்ளனர் என்பது மற்றொன்று. உடன்பயில்வோரின் பங்கைப் பயன்படுத்தாத முறையில்தான் அறுபது என்பது சுமை. ஐவர் ஐவராகப் பிரிந்து பத்து நிமிடம் பேசினால் பன்னிரண்டு வாதங்கள் ஒரே நேரத்தில் நிகழும். ஆசிரியர் அனைத்தையும் கேட்க இயலாது. கேட்க வேண்டியதும் இல்லை. எப்பொழுதும் பேசாத மாணவர், குறிப்பாக முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர், நாலு பேருக்கு நடுவில் பேசுவது எளிது. அறுபது பேருக்கு நடுவில் ஆசிரியரின் வினாவுக்கு விடையளிக்கக் கூடியவர் மூவர் அல்லது நால்வரே. வகுப்பு புரிந்துகொண்டது என்று நாம் கொள்வது பெரும்பாலும் அந்நால்வரின் தலையசைப்பை நம்பித்தான்.

மதிப்பீடு மாறாமல் இவற்றுள் எதுவும் நிலைக்காது. பல்கலைக்கழகத் தேர்வின் வினாத்தாள் தனி ஆசிரியரின் கையில் இல்லை. ஆனால் அகமதிப்பீட்டு மதிப்பெண் கல்லூரியின் கையிலேயே உள்ளது. அதற்குரிய ஒப்படைப்புகள் இணையத்திலிருந்தும் முந்தைய ஆண்டு மாணவரின் குறிப்பேட்டிலிருந்தும் படியெடுக்கப்படுவதை அனைவரும் அறிவர். அவ்விடத்தில் ஒரு பக்க அளவில் இப்படியொரு வினாவை வைக்கலாம்: 'ஒல்லையூர்ப் பாடலின் உம்மையை நீ எவ்வாறு கொள்கிறாய்? உன் வகுப்புத் தோழர் மாற்றுப் பொருள் கொண்டால் அவர் பாடலின் எந்த அடியைச் சான்றாகக் காட்டுவார்? அவருக்கு உன் மறுமொழி யாது?' எந்தப் பொருளைத் தேர்ந்தார் என்பதற்கு மதிப்பெண் வேண்டியதில்லை. தோழரின் சான்றை எவ்வளவு நேர்மையாக எடுத்துவைத்தார் என்பதற்குப் பாதி. அதற்கு அளித்த மறுமொழிக்குப் பாதி.